ஒற்றை விசில்

பெண்களுக்குக் கட்டணமில்லை என்று சொன்ன கையோடு
பஸ்ஸே நின்றுபோனது.
பதினோரு வருஷத்தில் முதல்முறையாக
என் தோள்பை ஆணியில் தொங்கியது,
சில்லறைச் சத்தம் இல்லாமல்.

டெப்போவில் டயருக்கு நம்பர் போடும் சாக்பீஸ்
அரைப்பெட்டி என்னோடு வீட்டுக்கு வந்திருந்தது.
திருட்டு இல்லை.
திருப்பிக் கொடுக்க டெப்போ திறக்கணும்.

மூன்றாம் நாள்,
பால்காரர் போன பிறகு, போலீஸ் ஜீப் வருமுன்,
பழையபேட்டையில் எங்கள் சந்தின் சிமெண்ட் ரோட்டில்
குத்தவைத்து எழுதினேன்.
என் வாசலில்:
தடம் எண் 1. சமையல்கட்டு – கொல்லைப்புறம்.
வழி: டிவி.

தையல் முனிரத்தினம்மா வாசலில்:
மெஷின் – ஜன்னல் – மெஷின்.
தும்மினால் நின்று செல்லும். கட்டனம் இல்லை.

மண்டி திம்மராயன் வீட்டில்
சேலம் போகாத, பெங்களூரும் போகாத மாங்காய்
கூடை கூடையாய்ப் பழுத்துக்கொண்டிருந்தது.
மூடிய கதவையும் தாண்டி வாசனை.
அவருக்கு:
ஸ்பெஷல் வண்டி. லக்கேஜுக்கு டிக்கெட் வேண்டாம்.

"கோலம் போடற இடத்துல என்னா கிறுக்கல் இது?"
முனிரத்தினம்மாவின் குரல் சந்து முழுக்கக் கேட்டது.
மறுநாள் பார்த்தால்
என் எழுத்தை மிதிக்காமல் சுற்றிப் புள்ளி வைத்திருந்தாள்.
பவுலின் டீச்சர் எப்போது வந்தாரோ தெரியாது.
'கட்டனம்' என்பதில் ன-வை அடித்து
சிவப்பில் ண போட்டு
ஓரத்தில் 7/10.
திம்மராயன் ஒவ்வொரு வாசலிலும்
இரண்டிரண்டு பழம் வைத்துவிட்டுப் போயிருந்தார்.
என்னுடையதில் ஒன்று அழுகல்.
அதையும் சொல்லத்தானே வேண்டும்.

பிறகு கேட்டு வர ஆரம்பித்தார்கள்,
மாடியிலிருந்து, ஜன்னல் கம்பியிலிருந்து.
"அண்ணா, ஓசூர் வண்டி எப்போ?
எங்க அப்பா கம்பெனி ரூம்லயே இருக்காரு."
நாலாம் வகுப்பு ஹேமந்த்.
அவன் வாசலில் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.
ஓசூர் – கிருஷ்ணகிரி.
வண்டி தாமதம். ஆள் பழுதில்லை.

கடைசி வீட்டுக்குத் தகரம் அடித்தது
ஒரு செவ்வாய்க்கிழமை.
ஜபீனின் வீட்டுக்காரரை ஆம்புலன்ஸ் கொண்டுபோனது.
அவளும் பெண்ணும் உள்ளே.
சந்தே எதிர்ச்சுவரை உரசிக்கொண்டு நடந்தது.
நானும்தான்.
இரண்டு நாள் அந்தப் பக்கம் சாக்பீஸ் போகவில்லை.
விடியலில் எழுந்து,
ஏற்கெனவே எழுதிய வாசல்களிலேயே
திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருந்தேன்,
ஆள் நிற்கும் ஸ்டாப்பிங்கில் நிறுத்தாமல் போகிற
வண்டி மாதிரி.

மூன்றாம் நாள் போனேன்.
தகரத்தில் சாக்பீஸ் பிடிக்கவில்லை. வழுக்கியது, கிறீச்சிட்டது.
அழுத்தி அழுத்தி இரண்டு முறை ஒடித்து
ஒருவழியாய் எழுதி முடித்தபோதுதான் உறைத்தது:
எழுத்து என் பக்கம்.
அவர்கள் அந்தப் பக்கம்.

முழங்காலிட்டபடி,
முகக்கவசத்துக்குள்ளிருந்து
படித்துக் காட்டினேன்.
ஐம்பது பேர் நெரிசலிலும் பின்படி வரை போகிற என் குரல்
தகரத்தைத் தாண்டியதா, தெரியவில்லை.

"கடைசி ஸ்டாப்பிங்.
எல்லாரும் ஏறுற வரைக்கும் வண்டி எடுக்காது."

உள்ளே குக்கர் மூடி விழுந்த சத்தம்.
அப்புறம் ஒன்றுமில்லை.
எழுந்தேன். கையைத் தட்டிக்கொண்டேன்.
நாலு அடி வைத்திருப்பேன்.

டங்.

சின்னக் கை. முழங்கை உயரத்தில். ஒரே ஒரு தட்டு.

எங்கள் பாஷையில்
ஒன்று என்றால் நில்,
இரண்டு என்றால் போ.
அந்தப் பெண்ணுக்கு அது தெரியுமோ தெரியாதோ.
நின்றேன்.

சையத் பாஷா மலைக்குப் பின்னால் வெளுத்தது.
சந்து முனையில் ஜீப் திரும்பும் சத்தம்.
லத்திக்குப் பயமில்லை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டாவது தட்டு இன்னும் வரவில்லை.